வாசகர் கேள்வி–பதில்: பாய்மரக் கப்பலில் பயிலும் பிள்ளைகள்

சென்ற இதழில், இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் பெரிய பாய்மரக் கப்பல்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கடற்கரையே இல்லாத நம் வடார்க்காட்டுப் பகுதியிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கடற்படையில் மாலுமியாகப் பணியாற்றி, அவற்றில் இரண்டு ஆண்டுகளைப் பாய்மரப் பயிற்சிக் கப்பலில் கழித்து, இப்போது சத்துவாச்சாரியில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கடிதங்கள் தந்த மகிழ்ச்சி பெரிது. எல்லாவற்றையும் வெளியிட இடமில்லாததால், ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இயந்திரக் கப்பல்கள் வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டும் இந்தக் காலத்தில், பிள்ளைகளைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிக் கயிறு இழுக்க வைப்பது பழம்பெருமையைக் காப்பாற்றும் முயற்சிதானே? வேறு என்ன பயன்?
— பொறியியல் மாணவர், காட்பாடி

பழம்பெருமை மட்டும்தான் காரணம் என்றால், இருக்கிற பழைய கப்பல்களுக்கு வண்ணம் பூசி வைத்துக்கொண்டால் போதும்; புதிதாகக் கட்ட வேண்டிய தேவை இராது. நம் கடற்படை கோவாவில் கட்டிய ஐ.என்.எஸ். தரங்கிணி 1997இல் பணியில் சேர்ந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கப்பல் கட்டும் தளத்தில் அதன் தங்கையாக ஐ.என்.எஸ். சுதர்ஷினியைக் கட்டி, 2012இல் பணியில் சேர்த்தார்கள். ஜப்பான் தன் வணிகக் கப்பல் மாணவர்களுக்காக நிப்பான் மாருவை 1984இலும், கைவோ மாருவை 1989இலும் புதிதாகவே கட்டியது. உலகின் மிகப் பெரிய இயந்திரக் கப்பல்களைக் கட்டித் தந்த நாடு அது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஈகிள், இத்தாலியக் கடற்படையின் அமெரிகோ வெஸ்புச்சி, ஜெர்மனியின் கோர்க் ஃபோக் ஆகியவையும் இன்றும் மாணவர்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகின்றன.

காரணத்தை விளங்கிக்கொள்ள, தரங்கிணியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்று பாய்மரங்கள் கொண்ட, சுமார் 54 மீட்டர் நீளமுள்ள கப்பல் அது. முன்னிரண்டு மரங்களிலும், கப்பலுக்குக் குறுக்கே கிடக்கும் மரங்களிலிருந்து பாய்கள் தொங்கும். நம் கடற்கரையில் அந்தக் குறுக்கு மரத்தைப் பருமல் என்பார்கள். பின்மரத்தில் மட்டும் பாய் கப்பலின் நீளவாக்கில் நிற்கும். இப்படி அமைந்த கப்பலுக்கு மாலுமிகள் வழக்கில் பார்க் என்று பெயர். காற்றை எதிர்த்து நேராகப் போக எந்தப் பாய்மரக் கப்பலாலும் இயலாது. ஒரு பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு மறுபக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும், முன்மரத்துப் பருமல்களையும் நடுமரத்துப் பருமல்களையும் வெவ்வேறு கணத்தில் திருப்ப வேண்டும். ஒருவர் சுக்கானைத் திருப்ப, பத்துப் பேர் ஒரு பக்கம் கயிற்றை இழுக்க, இன்னும் சிலர் எதிர்ப்பக்கக் கயிற்றை அளவாகத் தளர்த்திக்கொடுக்க, இவை எல்லாம் ஒரே குரலின் கட்டளைக்கு நடந்தால் கப்பல் திரும்பும். ஒருவர் தாமதித்தாலும் பாய் பின்பக்கமாகக் காற்றை வாங்கி, கப்பல் நடுவழியில் நின்றுவிடும்.

நீங்கள் பொறியியல் மாணவர் என்பதால் இதைச் சொல்கிறேன். கல்லூரியில் நீங்கள் செய்யும் தவறு இரண்டு வாரம் கழித்து விடைத்தாளில் சிவப்பு மையாக வருகிறது. அதைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். கப்பலில் நீங்கள் கயிற்றை விடத் தாமதித்தால், அடுத்த நொடியிலேயே தலைக்கு மேலே பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. கப்பலில் இருக்கும் அறுபது பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே போல, நீங்கள் சரியாகச் செய்ததும் எல்லோருக்கும் தெரிகிறது. தன்னுடைய கை இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது என்பதை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும் இடம் நம் நாட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இதே எண்ணத்தில்தான் 1941இல் வேல்ஸ் நாட்டின் அபெர்டோவி என்ற கடற்கரை ஊரில், ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். குண்டடிபட்டு மூழ்கும் கப்பல்களிலிருந்து உயிர்ப்படகில் ஏறிய பிறகு, உடல்வலு மிக்க இளம் மாலுமிகள் மனம் தளர்ந்து இறந்துபோவதும், பாய்மரக் காலத்தில் பழகிய முதியவர்கள் தாக்குப்பிடிப்பதும் ஹோல்ட்டை மிகவும் வருத்தியது. கடலுக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்வது ஒன்று. கடலைக் கொண்டு பிள்ளைகளைத் தயார் செய்வது வேறொன்று. அந்தப் பள்ளி இரண்டாவதைச் செய்யப் புறப்பட்டது. இன்று பயிற்சிக் கப்பல்களில் ஏறும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மாலுமியாகப் போவதில்லை.

ஆனால் பத்து நாள் பயணத்தில் தலைவர்களை உருவாக்கித் தருகிறோம் என்று சில அமைப்புகள் செய்யும் விளம்பரத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து நாளில் ஒரு பிள்ளை தான் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளும், அதுவே போதுமானது.

கேள்வி: கப்பலில் ஒரு நாள் எப்படிக் கழியும்? இரவில் தூங்க விடுவார்களா?
— பதினோராம் வகுப்பு மாணவர், ராணிப்பேட்டை

ஆலைகள் நிறைந்த ஊரில் இருப்பதால் ஷிப்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கப்பலில் அதற்கு வாட்ச் என்று பெயர். பயிற்சியாளர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று சுழற்றுவார்கள். ஒரு நாளை நான்கு நான்கு மணியாகப் பிரித்தால் ஆறு முறை வரும்; அப்படியே விட்டால் ஒரே குழுவுக்குத்தான் தினமும் நள்ளிரவு வேலை விழும். அதனால் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறையை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்து, மொத்தம் ஏழாக்கிவிடுவார்கள். ஏழை மூன்றால் வகுத்தால் மீதி வரும் அல்லவா? அந்த மீதியால்தான் ஒவ்வொரு நாளும் முறை தானாக மாறிக்கொள்கிறது. கணக்குப் பாடத்தின் மீதி ஒரு கப்பலில் நியாயத்தைக் காப்பாற்றுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அரை மணிக்கு ஒரு முறை மணி அடிப்பார்கள். முதல் அரை மணிக்கு ஓரடி, அடுத்ததற்கு ஈரடி என்று எட்டடி ஆனதும் உங்கள் முறை முடிந்தது. அந்த நான்கு மணி நேரத்துக்குள் ஒருவர் சுக்கான் பிடிப்பார், ஒருவர் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருவர் கப்பலைச் சுற்றி வந்து கயிறுகளும் கதவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார், ஒருவர் மணிக்கொரு முறை காற்றின் திசையையும் காற்றழுத்தத்தையும் குறிப்பேட்டில் எழுதுவார். ஓய்வு என்று சொன்ன எட்டு மணி நேரத்திலும் தளம் கழுவுதல், சமையற்கட்டு உதவி, வகுப்பு என்று வேலைகள் வரும். ஆகவே தூக்கம் உண்டு, ஆனால் துண்டு துண்டாகத்தான் உண்டு. முதல் மூன்று நாள் அதுதான் பெரிய துன்பமாக இருக்கும்.

கடல் மயக்கத்தைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். காது சமநிலையைப் பற்றி ஒரு செய்தியும் கண் வேறொரு செய்தியும் மூளைக்கு அனுப்புவதால் வருவது அது. கீழ்த்தளத்தில் படுத்துக்கொண்டால் அதிகமாகும். மேலே வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் குறையும். வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

மரத்தில் ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எப்போதும் காற்று வரும் பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். அப்போது காற்றே உங்களைக் கயிற்றேணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேலே போனதும் பருமலின் அடியில் ஊஞ்சல் போல ஒரு கம்பிக் கயிறு தொங்கும். அதன்மீது பாதத்தை வைத்து, வயிற்றைப் பருமலில் சாய்த்து, குனிந்து பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டும். அந்தக் கம்பிக் கயிற்றில் ஏற்கெனவே நான்கு பேர் நிற்கும்போது ஐந்தாமவர் கால் வைத்தால், கயிறு இறுகி நால்வரையும் ஒரு சாண் தூக்கிவிடும். ஆகவே கால் வைக்கும் முன் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், விடியற்காலை மழையில், குரல் கொடுக்காமல் கால் வைத்துவிட்டேன். பருமலின் கடைசியில் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தோழன் இரண்டு கையாலும் பாயை அள்ளிக்கொண்டிருந்தான். கயிறு துள்ளியதும் அவன் கால் நழுவியது. இடுப்பு வாரின் கொக்கி கம்பியில் மாட்டியிருந்ததால் அவன் அங்கேயே தொங்கினான். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார். கீழே இறங்கியதும், மூத்த மாலுமியான எங்கள் பெட்டி ஆபீசர் என்னைத் திட்டவில்லை. “அவனிடம் போய், நீ என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல்” என்றார். போய்ச் சொன்னேன். அவன் தலையை அசைத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்தான். கோப்பை தட்டில் மோதி ஒலிக்கும் அளவுக்கு அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து ஆண்டு ஆகப்போகிறது. இன்று வீட்டில் ஏணி மீது கால் வைத்தாலும் என் வாய் தானாகக் குரல் கொடுக்கிறது.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, தானும் பாய்மரக் கப்பலில் போக வேண்டும் என்கிறாள். பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா? உயிருக்கு ஆபத்து உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.
— ஒரு தாய், குடியாத்தம்

அன்புச் சகோதரி, மறைக்காமலே சொல்கிறேன். ஆபத்து உண்டு.

1957 செப்டம்பரில், ஜெர்மானியப் பயிற்சிக் கப்பலான பாமிர், அட்லாண்டிக் பெருங்கடலில் புயலில் சிக்கி மூழ்கியது. அதில் இருந்த 86 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 6 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மாணவர்கள். மூட்டையாகக் கட்டாமல் குவியலாக ஏற்றியிருந்த பார்லி தானியம், கப்பல் சாய்ந்தபோது ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டது. 1984இல் பெர்முடாவுக்கு வடக்கே, பந்தயத்தில் கலந்துகொண்டிருந்த மார்க்கெஸ் என்ற பழைய கப்பல் திடீர்க் காற்றில் கவிழ்ந்து, ஒரு நிமிடத்துக்குள் மூழ்கி, 28 பேரில் 19 பேரைப் பலிகொண்டது. 2025 மே மாதம், நியூயார்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மெக்சிகோ கடற்படையின் குவாத்தேமோக், பின்னோக்கி நகர்ந்து புரூக்ளின் பாலத்தில் மோதியதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். வழியனுப்பு மரியாதைக்காக மாணவர்கள் பருமல்களின்மீது நின்றுகொண்டிருந்த நேரம் அது, இருவர் இறந்தார்கள்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010 பிப்ரவரியில், கனடா நாட்டுப் பள்ளிக் கப்பலான கன்கார்டியா பிரேசில் கடலில் கவிழ்ந்தது. 64 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். கப்பல் போய்விட்டது. ஆனால் 64 பேரும் உயிர்ப்படகுகளில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் கடலில் மிதந்து, எல்லோரும் வீடு திரும்பினார்கள். காற்று வலுக்கும்போது பாயைக் குறைக்காததும், கதவுகளும் சாளரங்களும் திறந்து கிடந்ததும் பெரிய பிழைகள் என்று விசாரணை கண்டது. அதே நேரம், உயிர்காப்புச் சட்டை அணிவதையும் படகில் ஏறுவதையும் அந்தப் பிள்ளைகள் முன்பே பயின்றிருந்ததால்தான் தப்பினார்கள். கப்பல் கவிழ்வது பெரும்பாலும் கடலின் கோபத்தால் மட்டும் அல்ல. தளர்ந்த சரக்கு, திறந்த கதவு, கழற்றிய கொக்கி என்று மனிதர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று அதில் இருக்கும்.

ஆகவே எந்த அமைப்பு உங்கள் மகளை அழைத்தாலும், நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கப்பலுக்குச் செல்லுபடியாகும் தகுதிச் சான்று இருக்கிறதா? மரத்தில் ஏறும்போது கொக்கி வார் கட்டாயமா? ஏற மறுக்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? எத்தனை நாளுக்கு ஒரு முறை உயிர்ப்படகுப் பயிற்சி நடத்துகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு “மேலே ஏறுவது கட்டாயம் இல்லை, தளத்திலேயே வேலை தருவோம்” என்ற பதில் வர வேண்டும். சிரித்து மழுப்பினால், பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா என்ற கேள்விக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியின் பயணமே பதில். அவரும் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், தாரிணி என்ற 17 மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாய்மரப் படகில், 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். இருவர் மட்டுமே சென்றார்கள். அவர்களுக்கு முன்பு, 2017–18இல் அதே படகில் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்தார்கள். உங்கள் மகள் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். மற்றவற்றுக்கு வயது இருக்கிறது.

கேள்வி: பாய்களை எதனால் செய்கிறார்கள்? தோலுக்கு அங்கே ஏதாவது வேலை உண்டா?
— தோல் தொழிற்சாலைப் பணியாளர், ஆம்பூர்

முன்பு சணல் நாரும் பருத்தியும். இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. பட்டை பட்டையாக வெட்டித் தைத்து, ஓரம் முழுவதும் கயிறு வைத்துத் தைப்பார்கள்.

தோலுக்கு வேலை உண்டு என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். பல மடிப்பாக இருக்கும் பாய்த் துணியில் வெறுங்கையால் ஊசியைத் தள்ள முடியாது. அதற்காக உள்ளங்கையைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் தடித்த தோல்பட்டை ஒன்று உண்டு. கட்டைவிரலின் அடிமேட்டில் குழிகள் நிறைந்த ஓர் உலோக வட்டு அதில் பதிந்திருக்கும். ஊசியின் காதை அந்த வட்டில் அமர்த்தி, கை முழுவதன் பலத்தாலும் தள்ள வேண்டும். ஊசியின் முனை உருண்டையாக இராது, முக்கோணமாக இருக்கும். நூலில் தேன்மெழுகு பூசிக்கொள்வோம். புதுத் தோல் முதல் சில நாள் கையைக் கடிக்கும். பிறகு வியர்வையில் நனைந்து, அணிந்தவரின் கைக்கே அளவாகிவிடும். அதனால் ஒருவர் பட்டையை இன்னொருவர் இரவல் கேட்பது வழக்கம் இல்லை. கயிறும் மரமும் உரசும் இடங்களிலும் தோலைச் சுற்றித் தைப்பதுண்டு.

கேள்வி: பாய்மரக் கப்பல் பந்தயம் என்று எழுதியிருந்தீர்கள். வேகமான கப்பலுக்குப் பரிசு என்பதுதானே? அதில் இளைஞர்களுக்கு என்ன இடம்?
— பள்ளி ஆசிரியை, ஆரணி

பெர்னார்டு மோர்கன் என்ற லண்டன் வழக்குரைஞரின் யோசனையில் பிறந்தது அது. பாய்மரக் கப்பல்களின் காலம் முடியப்போகிறது, ஒரு முறை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி விடைகொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில், 1956இல் இங்கிலாந்தின் டார்பே விரிகுடாவிலிருந்து போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் வரை பந்தயம் நடத்தினார்கள். 20 கப்பல்கள் வந்தன. விடை கொடுக்க வந்தவர்களுக்குப் பிரிய மனம் வராமல், அந்தப் பந்தயம் இன்று வரை நடந்துகொண்டிருக்கிறது.

இளைஞர்களுக்கு என்ன இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் இல்லாமல் பந்தயத்தில் நுழையவே முடியாது. கப்பலில் இருப்பவர்களில் குறைந்தது பாதிப் பேர் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. பந்தயத்தின் ஒரு கட்டத்தில், துறைமுகத்துக்குத் துறைமுகம் பிள்ளைகளைக் கப்பல் மாற்றி ஏற்றுவதும் உண்டு. போலந்துப் பிள்ளை நார்வேக் கப்பலிலும், நார்வேப் பிள்ளை போர்ச்சுகல் கப்பலிலும் போவார்கள். மொழி தெரியாமல் ஒரே கயிற்றை இழுக்க வேண்டியிருக்கும். பந்தயத்தின் மிக உயர்ந்த பரிசு முதலில் வந்த கப்பலுக்குப் போவதில்லை. நாடுகளுக்கிடையே நட்பையும் புரிதலையும் அதிகம் வளர்த்த கப்பல் எது என்று கப்பல் தலைவர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் தரங்கிணியும் ஐரோப்பா சென்று இந்தப் பந்தயங்களில் கலந்துகொண்டிருக்கிறது. 2018இல் சென்றது அவற்றில் ஒன்று. அதற்கு முன்பே, 2003இல் கொச்சியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 15 மாதங்களில் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியக் கடற்படைக் கப்பல் என்ற பெயரையும் அது பெற்றது.

ஆசிரியை என்பதால் ஒரு வேண்டுகோள். பள்ளி விளையாட்டு விழாவில், மற்ற அணிகளுக்கு அதிகம் உதவிய அணி எது என்று அணித் தலைவர்களையே வாக்களிக்கச் செய்து ஒரு பரிசு கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சிறு வயதில் போலியோ வந்ததால் எனக்கு ஒரு கால் சூம்பியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கப்பல்களில் இடமே இராது அல்லவா?
— கடைக்காரர், வாணியம்பாடி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இடம் இருந்தது என்று சொல்ல முடிவதில் மகிழ்ச்சி.

தரங்கிணியை வடிவமைத்தவர் காலின் மூடி என்ற பிரிட்டன் நாட்டவர். அவரே 1980களில் பிரிட்டனில் லார்டு நெல்சன் என்ற கப்பலையும் வடிவமைத்தார். அதுவும் மூன்று மரக் கப்பல்தான். நீளமும் ஏறக்குறைய தரங்கிணி அளவுதான். அதில் ஏறுபவர்களில் பாதிப் பேர் உடல் ஊனமுற்றவர்களாகவும் பாதிப் பேர் மற்றவர்களாகவும் இருப்பார்கள். தளத்துக்குத் தளம் போக மின்தூக்கி இருந்தது. பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டி இருந்தது. சக்கர நாற்காலி போகும் அகலத்தில் தளம் இருந்தது; நாற்காலியோடு சேர்த்து ஒருவரைக் கயிற்றால் மரத்தின்மேல் ஏற்றும் வழக்கமும் இருந்தது. இருவர் இருவராகச் சேர்த்துவிடுவார்கள். யார் யாருக்கு உதவுகிறார் என்பது கொஞ்ச நாளில் மறந்துபோகும் என்று அதில் பயணம் செய்தவர்கள் சொல்வதுண்டு. பின்னர் 2000ஆம் ஆண்டில் டெனேஷியஸ் என்ற இரண்டாவது கப்பலை மரத்தாலேயே கட்டினார்கள். கட்டும் வேலையிலும் ஊனமுற்றவர்கள் பங்குகொண்டார்கள்.

பணப் பற்றாக்குறையால், இந்தக் கப்பல்களை நடத்திய அறக்கட்டளை 2023இல் மூடப்பட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் அப்படி ஒரு கப்பல் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். செய்து காட்டப்பட்ட ஒன்றை மறுபடி செய்வது அவ்வளவு கடினம் இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார்கள். கடல் பக்கம் போனவர்கள் குறைவு. என் பேரன் கடலுக்குப் போக விரும்புகிறான். இங்கிருந்து வழி என்ன?
— ஓய்வுபெற்ற ராணுவ வீரர், கம்மவான்பேட்டை

ஐயா, கம்மவான்பேட்டையிலிருந்து வந்த கடிதம் என்றதும் எழுந்து நின்று படித்தேன்.

கடலுக்கு வழி ராணுவம் வழியாகவும் போகிறது. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் தரைப்படை வீரர்தான். அவர்தான் டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றவர். அவர் ஓட்டுவது ஒருவர் மட்டும் செல்லும் சிறு படகு. பெரிய கப்பலுக்கும் சிறு படகுக்கும் காற்று ஒன்றுதான்.

பேரன் பள்ளியில் இருந்தால், தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு நல்ல தொடக்கம். நம் பக்கத்தில் பெரும்பாலும் தரைப்படைப் பிரிவுதான் இருக்கும். சென்னையிலும் புதுச்சேரியிலும் கடற்படைப் பிரிவுகள் உண்டு. புதுச்சேரி மாணவர்கள் காரைக்கால் வரை கடலில் பாய்மரப் படகிலேயே போய் வருகிறார்கள். தரங்கிணியிலும் சுதர்ஷினியிலும் பயில வேண்டுமானால், கடற்படை அதிகாரியாகச் சேர்வதே நேர் வழி; இரண்டும் கொச்சியில் உள்ள முதலாவது பயிற்சிப் படையணியைச் சேர்ந்தவை. வணிகக் கப்பல் என்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம்.

எதற்கும் முன்னால் பேரனின் கண்ணைச் சோதித்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத குறை இருந்தால், கப்பல் ஓட்டும் பிரிவில் சேர முடியாது. இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான் அறிய வேண்டும். இதைத் தெரியாமல், கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்ற முகவரிடம் லட்சக் கணக்கில் கொடுத்துவிட்டு, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் ஒருவருக்கும் திரும்பவில்லை. முகவரே வேண்டாம், ஐயா.

கப்பலை ஒரு முறை நேரில் காட்ட விரும்பினால், டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டிக் கொச்சியில் பார்வையாளர்களை அனுமதிக்கும் நாள்களைச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம்.

கேள்வி: வேலூர்க் கோட்டை அகழியில் பாய்மரப் படகு ஓட்டிப் பழகலாமா?
— ஆறாம் வகுப்பு மாணவர், வேலூர்

தம்பி, உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அகழியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் உயர்ந்த மதில் காற்றைத் தடுத்துவிடும், தடுத்த காற்று சுழன்று நாலா பக்கமும் அடிக்கும். படகு திரும்ப இடமும் போதாது. பாய்க்கு அது நல்ல இடம் இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. அங்கே உங்கள் வயதுப் பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் என்ற, 2.3 மீட்டர் நீளமுள்ள குட்டிப் படகில் தனியாகப் பழகுகிறார்கள். கோடை விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இரண்டு முழம் கயிறு எடுத்து, சன்னல் கம்பியைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கம்பியிலிருந்து வரும் நீளக் கயிற்றில் ஒரு சிறு வளையம் போடுங்கள். கையில் இருக்கும் நுனி வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே வரட்டும், நீளக் கயிற்றின் பின்னால் சுற்றட்டும், மறுபடி அதே வளையத்துக்குள் இறங்கட்டும். இப்போது இறுக்குங்கள். இதற்குப் பௌலைன் என்று பெயர். எவ்வளவு பாரம் தொங்கினாலும் நழுவாது. பாரம் இறங்கியதும் விரலாலேயே அவிழ்த்துவிடலாம். கப்பலில் நான் முதலில் கற்ற முடிச்சு இதுதான். கண்ணை மூடிக்கொண்டு கட்ட வந்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்த முடிச்சைச் சொல்லித் தருகிறேன்.